இடப்பக்க முகம்

நாகூர்
18-1-1958

அன்பு மகன் ரவூபுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போன மாதம் கப்பலில் வந்திறங்கிய நூர்தீன் தம்பி நீங்கள் இருவரும் கொடுத்தனுப்பிய துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். உன் வாப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லா இருக்காங்க லாத்தா" என்றார். அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. உன்னைப் பற்றிக் கேட்ட பிறகுதான் சரளமாகப் பேசினார். பகலெல்லாம் சிராங்கூன் ரோட்டில் பேப்பரும் சிகரெட்டும் விற்கும் ஒட்டுக்கடையில் நீதான் உட்கார்ந்திருக்கிறாயாம். பொழுது சாய்ந்ததும் சீனர்கள் நடத்தும் ஓவியப் பள்ளிக்கு ஓடுகிறாயாம். மரத்தையும் கடலையும் வரைந்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்? ஆட்களை உட்காரவைத்து உருவம் வரைகிறாயாமே.

உனக்கு ஓதிக்கொடுத்தவர்கள் இதையெல்லாம் சொல்லித் தரவில்லையா? வரைந்த உருவத்துக்கு உயிர் கொடு என்று மறுமையில் கேட்டால் என்ன பதில் சொல்வாய்? இருபது வயதாகிறது. இன்னும் விளையாட்டுப் புத்தி.

இவ்வளவும் எழுதி ஒட்டிவிட்டு, மறுபடி பிரித்து எழுதுகிறேன். வாப்பா ஊருக்கு வந்துபோய் எட்டு வருஷம் ஆகிறது. அந்தத் தடவைதான் உன்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி எத்தனையோ முறை எழுதிவிட்டேன். அவர் எழுதும் பதிலில் மற்ற எல்லாம் இருக்கிறது, போட்டோவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. உன் தங்கை ரபியாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறேன். பெண்ணின் வாப்பா ஏன் வருவதில்லை என்று அவர்கள் கேட்கிறார்கள். 

உருவம் வரைவது தப்புதான். ஆனாலும் கற்றுக்கொண்டாயே, வாப்பாவை ஒரு தரம் வரைந்து அனுப்பு. யாருக்கும் காட்டமாட்டேன்.

உம்மா
பதுருன்னிசா

---

சிங்கப்பூர்
22-2-1958

அன்புள்ள உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பாவின் படம் இத்துடன் இருக்கிறது. மடித்ததில் மூக்கின் குறுக்கே கோடு விழுந்திருக்கும். கரியால் வரைந்தது, விரலால் தேய்த்தால் அழிந்துவிடும்.

உங்கள் கோபத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஆனால் எப்படிப் போனேன் என்று சொல்லவேண்டும். கடையில் சும்மா இருக்கும் நேரத்தில் சிகரெட் அட்டையின் பின்பக்கம் வருகிறவர்களின் முகத்தைக் கிறுக்குவேன். பக்கத்துத் தையல்கடை மருதப்பன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "ஒழுங்காப் போய்க் கத்துக்க லா, அட்டையில எத்தன நாளைக்குக் கிறுக்குவ?" என்றார். போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது. மாதக்கணக்கில் கண்ணாடிப் புட்டியையும் பப்பாளியையும்தான் வரையவிட்டார்கள். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் சீனப் பிள்ளைகள். ஆசிரியர் லிம் அவர்களுக்குச் சீனத்தில் சொன்னதை எனக்காகப் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் திருப்பிச் சொல்வார். அவர் சொல்வதில் எனக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று தெரியவில்லை. சில நாள் நிறுத்திவிடலாம் என்று நினைப்பேன். ஆனால் சாயங்காலம் ஆனால் கால் அங்கேதான் போகிறது.

இந்தப் படத்தை லிம்மிடம் காட்டினேன். யார் இது என்றார். என் தகப்பனார் என்றேன். "அவரைப் பார்த்தா வரைந்தாய்?" என்று கேட்டார். நான் படத்தை மடிக்கப் போனேன். நெற்றி, மூக்கு, தாடி எல்லாம் சரியாக இருக்கிறது, ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அன்று டிராலி பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

உங்களுக்குப் பிடித்தால் எனக்குப் போதும். வாப்பா நலமாக இருக்கிறார். கடையும் குறைவில்லாமல் நடக்கிறது.

மகன்
ரவூப்

---

நாகூர்
12-3-1958

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

படத்தைப் பிரித்ததும் ரபியா, "வாப்பா அப்படியே இருக்காங்க உம்மா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தாடி நரைத்ததைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. உன் ஆசிரியர் என்ன கண்டார்? அவர் உன் வாப்பாவோடு வாழ்ந்தாரா?

யாருக்கும் காட்டமாட்டேன் என்று எழுதியிருந்தேன். காட்டிவிட்டேன். மாப்பிள்ளைப் பையன் பேர் அப்துல் அலீம். அவனுடைய உம்மா வந்திருந்தார்கள். "சிங்கப்பூர்ல இருக்கிற உங்க வீட்டு சபுராளிக்கு உடம்பு முடியலன்னு ஊருல ஒரு பேச்சு இருக்கே" என்று மெதுவாக ஆரம்பித்தார்கள். நான் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்து அவர்கள் மடியில் போட்டேன். "இது சீக்காளி முகமா? எம்மவன் எதிர உக்காரவச்சு வரைஞ்சது. அல்லா மேல ஆணையாச் சொல்றேன், அவங்க நல்லா இருக்காங்க" என்றேன்.  அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஜூலை கடைசியில் நிக்காஹ். பெண்ணைப் பிடித்துக்கொடுக்க வாப்பா இருக்கவேண்டும். கடையை நீ பார்த்துக்கொள், அவரை ஜூன் மாதக் கப்பலில் ஏற்றிவிடு. எந்தச் சாக்கும் சொல்லவேண்டாம் என்று சொல்.

நோன்பு வருகிறது. உன் படத்தால் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. தப்பு என்று சொன்ன என் வாயாலேயே இதையும் எழுதுகிறேன்.

உம்மா

---

சிங்கப்பூர்
27-4-1958

அன்புள்ள உம்மா,

இந்தக் கடிதத்தோடு இன்னொரு படம் இருக்கிறது. அதைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ரபியா பக்கத்தில் இருந்தால் அவளை அனுப்பிவிட்டுப் படியுங்கள்.

போன வருஷம் ஆகஸ்டு மாதம் வாப்பா அஞ்சடி நடைபாதையில் கடையைத் திறந்து சாமான் அடுக்கிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் நெடுநாள் இருந்தார். இப்போது நடக்கிறார், இடது கால் இழுத்துக்கொண்டு வரும். இடது கை எதையும் பிடிக்காது. முகத்தில் இடது பக்கம் முழுதும் இறங்கிவிட்டது. பேச்சு குழறுகிறது, பழகியவர்களுக்குத்தான் புரியும். உங்களுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நூர்தீன் மாமாவிடமும் வாங்கிக்கொண்டார்.

நீங்கள் படம் கேட்டபோது நான் வாப்பாவைப் பார்த்து வரையவில்லை. வலது பக்கத்தை வரைந்தேன். அதையே திருப்பி இடது பக்கத்திலும் போட்டேன். அதை நம்பி நீங்கள் ஆணையிடுவீர்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்தை வாப்பாவிடம் படித்துக் காட்டினேன். கப்பலில் ஏற்றிவிடு என்று வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"எந்தப் படம்?" என்றார்.

என்னிடம் இருந்த பிரதியை எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது நானா? எங்க வாப்பா மாதிரில்ல இருக்கு. இப்ப இருக்கிற மாதிரி வரைய ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சா வரை."

நாற்காலியை அவரே இழுத்து வாசலுக்குப் பக்கத்தில் போட்டார். இடது கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அது கோபம்தான். என்னால் முடியாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தார். நானும் முடியாது என்றுதான் நினைத்தேன்.

நோன்பு மாத வெள்ளிக்கிழமைகளில், ஜும்மா முடிந்து வந்த பிறகு, கடையைத் திறக்காமல் வரைந்தேன். உம்மா, நான் அவருக்குச் சட்டை மாட்டிவிடுகிறேன், வாயைத் துடைத்துவிடுகிறேன், ஆனால் இத்தனை மாதமாக அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சோறு ஊட்டியபோதுகூட ஸ்பூனைத்தான் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் அழித்து அழித்து வரைந்தேன்.  இறங்கிப்போன உதட்டின் கோடு ஒரே இழுப்பில் சரியாக விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் வாப்பாவின் வாய் கோணிக்கிடக்கிறது, அதை வரைந்துவிட்டு நான் சந்தோஷப்படுகிறேன். கரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். மறு வாரம் மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

முடிந்ததும் அவர் பார்க்கவில்லை. "கிழிச்சுப் போடு" என்றார். நான் கிழிக்கவில்லை. பெரிய படத்தைப் பள்ளியில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துச் சிறியதாக எடுத்த பிரதியைத்தான் அனுப்புகிறேன். அனுப்புவது அவருக்குத் தெரியாது.

ரவூப்

---

நாகூர்
14-5-1958

ரவூபுக்கு,

ஸலாம் எழுதக்கூட மனசு வரவில்லை. எழுதிவிட்டதாக வைத்துக்கொள்.

நான் ஒரு பெண்பிள்ளையின் முன்னால் அல்லாவின் பேரைச் சொல்லி ஆணையிட்டேன். உன் படத்தை மடியில் போட்டு ஆணையிட்டேன். அது உனக்குப் புரிகிறதா? வாக்கு வாங்கிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாய். வாய் திறக்காமல் இருப்பது வாக்கைக் காப்பாற்றுவது. நீ உட்கார்ந்து, யோசித்து, தாடியில் ஒவ்வொரு முடியாக வரைந்து ஒரு பொய்யைச் செய்து தபாலில் போட்டாய்.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். எட்டு வருஷமாக நான் பயந்தது வேறொன்றுக்கு. அங்கே இன்னொரு வீடு இருக்கிறதோ என்று. கேலாங் பக்கம் அப்படிச் சிலர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது நிம்மதி என்றால் நம்புவாயா? அட, இவ்வளவுதானா என்று. அப்புறம்தான் படத்தைப் பிரித்தேன்.

அன்றைக்கு நான் சமைக்கவில்லை. ரபியா அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி வாங்கிவந்தாள். படத்தை மூடி வைப்பேன், மறுபடி எடுப்பேன். அந்தக் கண் மூடுமா? தூங்கும்போது ஈ மொய்த்தால் யார் விரட்டுவது? தொழுகைக்கு ஒளு எடுக்க யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? இதையெல்லாம் எழுது. சுருக்காமல் எழுது.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லாதே. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உம்மா

---

சிங்கப்பூர்
16-6-1958

அன்புள்ள உம்மா,

கண் முழுதாக மூடாது. தூங்கும்போது ஈரத் துணி போட்டுவிடுவேன். தண்ணீர் நான் ஊற்றுகிறேன். நான் இல்லாதபோது மருதப்பன் அண்ணன் கடைப்பையனிடம் விடாமல் அவரே வந்து ஊற்றுவார்.

நீங்கள் சொல்லவேண்டாம் என்றதை நான் சொல்லும்படி ஆகிவிட்டது. நடந்ததை எழுதுகிறேன்.

பள்ளியில் ஆண்டுக் கண்காட்சி வைத்தார்கள். பெரிய படத்தை மாட்டலாமா என்று லிம் கேட்டார். இந்த வருஷம் பள்ளிப் பிள்ளைகள் வரைந்ததில் அதுதான் படம் என்றார். சேர்ந்ததிலிருந்து அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரின் நடுவில் ஒரு மண்டபம், வாப்பா அந்தப் பக்கமே போகமாட்டார், தெரியவா போகிறது என்று நினைத்தேன். மருதப்பன் அண்ணன் அந்த வழியாகப் போனவர் உள்ளே நுழைந்து பார்த்திருக்கிறார். பெருமையாகத்தான் போய்ச் சொல்லியிருக்கிறார். "உங்க படத்த மாட்டிருக்காங்க பாய், ஒரு ஆள் உயரத்துக்கு. வெள்ளக்காரன்லாம் நின்னு பாக்குறான் லா."

வாப்பா அவரையே டிரைஷா வண்டி பிடிக்கச் சொல்லி வந்துவிட்டார். நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். காலை இழுத்துக்கொண்டு படி ஏறி வந்தார். படத்தின் முன்னால் சிலர் நின்றிருந்தார்கள். அவர் போய் அவர்களுக்குப் பின்னால் நின்றார். ஒரு பெண் திரும்பி அவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு வழி விட்டாள். எல்லோரும் விலகிவிட்டார்கள். வாப்பா தனியாக நின்று பார்த்தார்.

நான் பக்கத்தில் போனேன். "கடைக்கு வர்றவன் எவனும் என் மூஞ்சிய இவ்வளவு நேரம் பாத்ததில்ல" என்றார். என் பக்கம் திரும்பி, "உம்மாவுக்கும் அனுப்பிட்டியா?" என்றார். பொய் சொல்ல முடியவில்லை. அனுப்பிட்டேன் வாப்பா என்றேன். அதற்குப் பிறகு இன்று வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

மறுநாளே படத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கண்காட்சி முடியும் வரை எடுக்கக்கூடாது என்று லிம் சத்தம் போட்டார். உன் அப்பாவுக்காகத்தான் கழற்றுகிறாயா, உனக்குப் பயமாக இருப்பதால் கழற்றுகிறாயா என்று கேட்டார். நான் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.  அதன் பிறகு பள்ளிக்குப் போகவில்லை. கடையில் அட்டையின் பின்பக்கத்தைக்கூடத் திருப்புவதில்லை.

கையைக் கட்டிப் போடலாம், உம்மா. கண்ணை என்ன செய்வது? கடைக்கு வருகிறவர்களின் தாடை, காது மடல், வியர்வை நிற்கும் இடம் எல்லாம் என்னைக் கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கின்றன. பொய்யாக வரைந்து உங்களைக் கவிழ்த்தேன். உள்ளபடி வரைந்தபோது வாப்பாவைச் சந்தியில் நிறுத்திவிட்டேன். வேறு எப்படி வரைவது என்று யாரிடம் கேட்பது?

ரவூப்

---

நாகூர்
4-7-1958

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் கழிந்தது. அலீமின் வீட்டுக்கு நானே போனேன். இரண்டு படத்தையும் கொண்டுபோனேன். முதல் படம் பொய், இதுதான் அவர், நான் தெரியாமல் ஆணையிட்டுவிட்டேன் என்று சொன்னேன். அந்தம்மா இரண்டாவது படத்தைக் கையில் வாங்கவில்லை, விரித்தபடி நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். "சீக்குக்காக நாங்க பின்வாங்கல. மொதல்லயே சொல்லிருந்தா சரிதான்னு இருந்திருப்போம். இப்ப இதுக்கப்புறம் என்னென்ன இருக்கோன்னு தோணுதுல்ல" என்றார்கள். நான் படத்தை மடித்துக்கொண்டேன். தேதி கலைந்துவிட்டது.

ரபியா அழவில்லை. தைத்து வைத்த ரவிக்கைகளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். "ரவூப் நானாவுக்கு நான் ஸலாம் சொல்லலன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

இதற்குள் இன்னொரு கவர் இருக்கிறது. உன் வாப்பாவுக்கு. நீ பிரிக்காதே, படித்தும் காட்டாதே. கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடு.

உம்மா

---

சிங்கப்பூர்
3-8-1958

அன்புள்ள உம்மா,

வாப்பா நேற்றுக் கப்பல் ஏறிவிட்டார்.

நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அஞ்சடியில் நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து கூப்பிட்டார். கண்காட்சிக்குப் பிறகு அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடிதம் சட்டைப் பையில் இருந்தது. "கப்பல்ல எடம் இருக்கான்னு கேட்டுட்டு வா" என்றார். நிக்காஹ் நின்றுவிட்டது தெரியுமா என்று கேட்டேன். "எழுதியிருக்கா" என்றார்.

நூர்தீன் மாமாவின் மச்சான் அதே கப்பலில் வருகிறார், கூட இருந்து பார்த்துக்கொள்வார். தஞ்சோங் பகார் துறையில் ஏணி வரை நான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். நல்லதாகவோ கெட்டதாகவோ ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "மழை பேஞ்சா பேப்பரையெல்லாம் உள்ள எடுத்து வை" என்றார். அவ்வளவுதான்.

லிம் நேற்று முன்தினம் கடைக்கே வந்தார். ஒரு கோப்பி குடித்தார். பள்ளியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. போகும்போது, வாசலில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த வாப்பாவைப் பார்த்து மெல்லத் தலை சாய்த்துவிட்டுப் போனார். என் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று கூடப் படிக்கும் பையன் சொன்னான். போகவா வேண்டாமா? ஆகாது என்று முதலில் சொன்னவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள். வாப்பா என்னை மன்னித்தாரா என்றும் கேட்டு எழுதுங்கள்.

ரவூப்

---

நாகூர்
30-8-1958

அன்பு மகன் ரவூபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பா சுகமாக வந்து சேர்ந்தார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. உன் பேரை எடுத்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். பெட்டியிலிருந்து உன் முதல் படத்தை எடுத்துத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அது பொய்ப் படம் என்று ரபியா சொன்னாள். இருக்கட்டும் என்றார். மற்றது என்னிடம் இருக்கிறது. அதை அவர் கேட்கவில்லை.

ரபியா காலையில் அவருக்குக் கஞ்சி கொடுக்கிறாள், எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். உன்மேல் கோபம் அப்படியே இருக்கிறது. அலீமுக்கு வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். அவளுக்குத் தெரியும்.

வரையவா வேண்டாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அது ஆகாது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள், அதை மாற்றிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் துறையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதை வைத்து நீயே முடிவு செய்துகொள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கடலிலேயே நின்றது. படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ரபியாவைப் பின்னால் நிறுத்திவிட்டு நான் கூட்டத்தில் முன்னால் போய் நின்றேன். வாப்பா படகின் கோடியில் உட்கார்ந்திருந்தார், துண்டால் முகத்தின் பாதியை மூடிக்கொண்டு. நூர்தீன் தம்பியின் மச்சானும் ஒரு படகுக்காரரும் தூக்கி இறக்கினார்கள். மணலில் கால் ஊன்ற முடியாமல் தடுமாறினார். நான் போய்க் கையைப் பிடித்தேன். துண்டை விடாமல் பிடித்திருந்தார்.

"எடுங்க" என்றேன்.

எடுத்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் என்ன வரப்போகிறது என்று பயந்து பார்த்தார். எட்டு வருஷம் கழித்து வந்த மனுஷன் அப்படி ஒரு பார்வை பார்த்தால் யாருக்குத்தான் தாங்கும்? ஆனால் என் முகத்தில் ஒன்றும் வரவில்லை. வரவேண்டியதெல்லாம் மே மாதத்திலேயே உன் படத்துக்கு முன்னால் வந்து தீர்ந்துவிட்டது. எனக்கு அந்த உதடு தெரியும், அந்தக் கண் தெரியும், அது எங்கே மடிந்திருக்கும் என்பதுகூடத் தெரியும்.

"எளச்சுட்டீங்க" என்றேன்.

"கப்பல் சோறு" என்றார். நீ எழுதியதுபோலவே குழறித்தான் வந்தது. எனக்குப் புரிந்தது.

பெட்டியை ரபியா எடுத்துக்கொண்டாள். வெயில் ஏறுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க நாங்கள் மூன்று பேரும் மெதுவாக நடந்தோம்.

உம்மா
பதுருன்னிசா